கைக்குச் சீன், கடிகாரத்துக்குப் புரோகிராம்: வீட்டு விளக்குகளைத் தானாக இயங்கவைக்கத் தொடங்குவோருக்கு

ஸ்மார்ட் பல்போ ஸ்மார்ட் சுவிட்சோ வாங்கி மாட்டி, கைபேசியில் அதன் செயலியை நிறுவி, ஒரு விளக்கை எரியவைத்துப் பார்த்த அன்றே அடுத்த ஆசை வந்துவிடும். ஹாலில் உள்ள எல்லா விளக்குகளும் ஒரே தொடுதலில் நம் விருப்பப்படி மாற வேண்டும்; சில விளக்குகள் நாம் தொடாமலே நேரத்துக்கு எரிந்து நேரத்துக்கு அணைய வேண்டும். இரண்டும் ஒரே ஆசைபோலத் தோன்றும், ஆனால் ஒன்றல்ல. முன்னதற்கு உரியது சீன், பின்னதற்கு உரியது புரோகிராம். புதிதாகத் தொடங்குகிறவர்கள் பலர் இவ்விரண்டையும் கலந்துவிட்டு, ஆறு மாதத்துக்குள் எந்த விளக்கு எதனால் எரிகிறது என்பதே புரியாமல் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிடுகிறார்கள்.

நங்கநல்லூரில் இரண்டு படுக்கையறை கொண்ட எங்கள் ஃபிளாட்டில் நானும் முதல் ஆண்டு இந்தத் தவறைத்தான் செய்தேன். 14 புரோகிராம்கள் எழுதினேன்; ஒவ்வொன்றும் தனித்தனி விளக்குகளின் பெயரைச் சொல்லி இதை எரியவை, அதை அணை என்று கட்டளையிட்டது. சாப்பாட்டு மேசைக்கு மேலிருந்த ஒரு பல்பு பழுதாகிப் புதியதை மாட்டியபோது, பழைய பல்பின் பெயர் வந்த 6 இடங்களைத் தேடித் திருத்த ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போயிற்று. அதன்பின் எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஒரே ஒரு விதியோடு மறுபடி தொடங்கினேன். விளக்குகளின் அளவு எல்லாம் சீனுக்குள் இருக்க வேண்டும். கையால் நடக்க வேண்டியதைச் சீனே நேராகச் செய்ய வேண்டும். கை படாமல் நடக்க வேண்டியதற்கு மட்டும் புரோகிராம் எழுத வேண்டும், அந்தப் புரோகிராமும் சீனை அழைப்பதைத் தவிர விளக்குகளைத் தனித்தனியாகத் தொடக் கூடாது. இனி வருவது அனைத்தும் இந்த விதியை ஒரு வீட்டில் படிப்படியாகச் செயல்படுத்தும் முறை.

சொற்களைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

சீன் என்பது ஒரு நிலை. ஹாலின் நடு விளக்கு 40 சதவீதம், சுவரோர விளக்கு 70 சதவீதம், ஃபால்ஸ் சீலிங்கின் ஓரப் பட்டை விளக்கு அணைவு என்று விளக்குக்கு விளக்கு அளவு குறித்துவைத்த ஒரு பட்டியல் அது. அதில் எப்போது என்ற கேள்வி கிடையாது. எல்லா விளக்குகளும் ஒரே அளவில் சேர்ந்து எரிந்து அணைந்தால் போதும் என்றால் அதற்குப் பெயர் குரூப். சீனில் ஒவ்வொரு விளக்கும் தனக்குரிய அளவில் நிற்கும். புரோகிராம் என்பது ஒரு நிபந்தனை வாக்கியம்: இது நடந்தால், அப்போது இந்த நிலைமை இருந்தால், இதைச் செய்.

செயலிக்குச் செயலி பெயர் மாறும். பிலிப்ஸ் ஹியூவிலும் ஆப்பிள் ஹோமிலும் சீன், ஆட்டோமேஷன் என்றே இருக்கும். நம் கடைகளில் கிடைக்கும் பல வைஃபை பல்புகள் பயன்படுத்தும் துயா செயலியில் டேப்-டு-ரன் என்பது ஏறக்குறைய சீன், ஆட்டோமேஷன் என்பது புரோகிராம். கூகுள் ஹோமும் அலெக்ஸாவும் ரொட்டீன் அல்லது ஆட்டோமேஷன் என்ற ஒரே பெயருக்குள் இரண்டையும் போட்டுவைத்திருப்பதால், அவற்றைக் கொண்டு தொடங்குகிறவர்களுக்கு இந்த வேறுபாடு கண்ணிலேயே படுவதில்லை. ஹோம் அசிஸ்டன்ட் போன்ற திறந்த மென்பொருளில் சீன், ஸ்கிரிப்ட் (வரிசையான கட்டளைகள்), ஆட்டோமேஷன் என மூன்றும் தனித்தனியே கிடைக்கும். ஐ.எஸ்.ஒய். என்ற கட்டுப்பாட்டுப் பெட்டியில் புரோகிராம் என்ற சொல்லே உண்டு. இஃப் (இப்படி இருந்தால்), தென் (இதைச் செய்), எல்ஸ் (இல்லாவிட்டால் இதைச் செய்) என்ற மூன்று பகுதிகளாக அதை எழுத வேண்டும்.

இரண்டும் எங்கே வாழ்கின்றன என்பதுதான் பெயரைவிட முக்கியம். நல்ல அமைப்புகளில் சீன் விளக்குக்குள்ளேயே பதிந்திருக்கும். பெரிய வீடுகளிலும் அலுவலகங்களிலும் கம்பிவழி போடப்படும் டாலி முறையில், ஒரு தடத்தில் 64 விளக்குகள் வரை முகவரி பெறும். ஒவ்வொரு விளக்குக்கும் மின்சாரத்தைச் சீராக்கித் தரும் டிரைவரும் 16 சீன்களுக்கான தன் அளவைத் தானே நினைவில் வைத்திருக்கும். ஜிக்பீ என்ற கம்பியில்லா முறையில் இயங்கும் பல்புகளும் இப்படிச் சேமிக்க வல்லவை. விளக்குகளுக்குக் கட்டளை அனுப்பும் மையப் பெட்டியான ஹப் ஒரே ஒரு முறை மூன்றாம் சீன் என்று அறிவித்தால் போதும், எல்லா விளக்குகளும் ஒன்றாக மாறிவிடும். பள்ளிக்கூடத்தில் மணி அடித்தவுடன் வகுப்பே எழுந்து நிற்பது ஒரு வகை. ஆசிரியர் வருகைப் பதிவேட்டைப் பார்த்துப் பெயர் பெயராகக் கூப்பிட்டு எழுப்புவது இன்னொரு வகை. தனி விளக்குகளுக்குக் கட்டளையிடும் புரோகிராம் இரண்டாம் வகை. பிலிப்ஸ் ஹியூ மென்பொருள் எழுதுவோருக்குத் தந்துள்ள குறிப்பிலேயே, தனி விளக்குகளுக்கான கட்டளைகளை நொடிக்குச் சுமார் 10 என்ற அளவில் நிறுத்திக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். 12 விளக்குகள் இருந்தால் முதலாவதற்கும் கடைசிக்கும் இடையே ஒரு நொடிக்கு மேல் போய்விடும்.

ஒரு நொடி என்பது கேட்பதற்குச் சிறியது, கண்ணுக்குச் சிறியதல்ல. எங்கள் ஹாலில் மேற்கூரையில் 6 டவுன்லைட்டுகள் உண்டு. பழைய புரோகிராமில் பொத்தானை அழுத்தினால் பால்கனிப் பக்கத்து விளக்கு முதலில் எரியும், பிறகு அதற்கு அடுத்தது, நடுவில் ஒன்று தயங்கும், கடைசியாக வாசலுக்கு அருகிலுள்ளது வரும். சில நாட்களில் அந்தக் கடைசி விளக்கு வராமலே போய்விடும், மறுபடி அழுத்த வேண்டியிருக்கும். அதே 6 விளக்குகளைச் சீனாக மாற்றிய அன்று அவை ஒரே மூச்சில் எரிந்தன.

பதிவு விளக்குக்குள் இருப்பதால் இன்னொரு நன்மையும் உண்டு. அமெரிக்காவில் 2005 முதல் புழக்கத்திலிருந்த இன்ஸ்டியான் என்ற அமைப்பின் சர்வர்கள் 2022 ஏப்ரலில் முன்னறிவிப்பின்றி நின்றுபோயின. அந்த நிறுவனத்தின் செயலி வழியே நடந்துவந்தவை எல்லாம் அன்றோடு நின்றன. ஆனால் சுவிட்சுகளுக்குள்ளேயே ஒன்றோடொன்று இணைத்துப் பதிந்திருந்த சீன்கள், சுவரில் கை வைத்தவுடன் வழக்கம்போல வேலை செய்தன. அந்த ஆண்டு ஜூனில் பயனாளர்களில் சிலரே சேர்ந்து நிறுவனத்தை வாங்கி மீட்டார்கள். அந்த இரண்டு மாத இடைவெளியில் இருட்டில் நிற்காதவர்கள், கைக்கு வேண்டியதைச் சீனாக வைத்திருந்தவர்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. விலை குறைந்த வைஃபை பல்புகளில் சீன் என்று பெயர் இருந்தாலும், அந்தப் பட்டியல் எங்கோ ஒரு சர்வரில் இருந்துகொண்டு ஒவ்வொரு பல்புக்கும் தனித்தனிக் கட்டளையாக வரக்கூடும். உங்களுடையது எப்படி என்று அறிய எளிய வழி உண்டு. ரவுட்டரை அணைக்காமல் அதற்குள் வரும் பிராட்பேண்ட் ஒயரை மட்டும் கழற்றிவிட்டு, கைபேசியின் மொபைல் டேட்டாவையும் நிறுத்திவிட்டுச் சீனை அழுத்திப் பாருங்கள். மாறினால் அது வீட்டுக்குள்ளேயே வாழ்கிறது. மாறாவிட்டால் உங்கள் ஹால் விளக்கு எரிய வெளியூர்க் கணினி ஒன்றின் தயவு வேண்டும்.

முதல் படி: ஒரு வாரம் வீட்டைக் கவனியுங்கள்

செயலியைத் திறக்காதீர்கள். ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு ஒரு வாரம், யார் எந்த நேரத்தில் எந்த சுவிட்சைப் போடுகிறார்கள், எதை அணைக்க மறக்கிறார்கள் என்று எழுதுங்கள். எங்கள் நோட்டில் வந்தவற்றில் சில: காலை ஐந்தரைக்கு அம்மா சமையலறை விளக்கைப் போடுகிறார், மாலை விளக்கு வைக்கிற நேரத்தில் வாசல், ஹால், சாமி அறை மூன்றும் எரிகின்றன, இரவு சாப்பாடு முடிந்து டி.வி. பார்க்கும்போது டியூப் லைட் கண்ணைக் கூசுவதால் யாராவது எழுந்து அணைக்கிறார்கள். இரவு இரண்டு மணிவாக்கில் பாத்ரூம் போகிறவர் இருட்டில் சுவரைத் தடவுகிறார். படுக்கப்போகும்போது அணைக்க மறந்த பின்பக்க சர்வீஸ் ஏரியா விளக்கு மட்டும் விடிய விடிய எரிந்துகொண்டிருக்கிறது.

இரண்டாம் படி: ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரு சொல் எழுதுங்கள்

கை, கடிகாரம், கண் என்ற மூன்றில் ஒன்று போதும். இப்போது இது வேண்டும் என்று ஒரு மனிதர் தீர்மானித்து நடப்பது கை. நேரம் வந்தால் நடக்க வேண்டியது கடிகாரம். யாரோ வருவதைப் பார்த்து நடக்க வேண்டியது கண், அதாவது சென்சார். கை என்று எழுதிய வரிகளுக்குச் சீனும் அதை அழைக்கும் ஒரு பொத்தானும் மட்டும் போதும். புரோகிராம் எழுதவே வேண்டாம். டி.வி. பார்க்கும் நேரம் இதற்கு நல்ல உதாரணம். ஒன்பது மணி ஆனால் ஹாலை மங்கலாக்கு என்று புரோகிராம் எழுதலாம்தான். ஆனால் அன்றைக்கென்று உறவினர் வந்து பேசிக்கொண்டிருக்கும்போது விளக்கு தானாக மங்கினால் எல்லோருக்கும் சங்கடம். மனிதர் மனத்தில் நடக்கும் தீர்மானத்தைக் கடிகாரத்திடம் ஒப்படைக்கக் கூடாது.

ஐயம் வந்தால் கை என்றே எழுதுங்கள். சீனிலிருந்து புரோகிராமுக்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் போகலாம். வீட்டில் உள்ளவர்களின் நம்பிக்கையை ஒருமுறை இழந்துவிட்டால் திரும்பப் பெறுவது கடினம். சுவிட்சைப் போட்டா லைட் எரியணும்பா, எனக்கு அது போதும் என்று என் அம்மா முதல் வாரத்திலேயே சொன்னார். நான் இன்றுவரை ஒவ்வொரு மாற்றத்தையும் அந்தச் சொல்லில்தான் உரைத்துப் பார்க்கிறேன்.

மூன்றாம் படி: பல்பா, சுவிட்சா என்று தீர்மானியுங்கள்

சுவரிலுள்ள சுவிட்சை அணைத்துவிட்டால் ஸ்மார்ட் பல்புக்கு மின்சாரமே இல்லை. எந்தச் சீனும் அதை எட்டாது. ஆகவே, வீட்டார் அனைவரும் கை வைக்கும் இடங்களில் பல்பை விட்டுவிட்டு, சுவிட்சுக்குப் பின்னால் மாட்டும் ரிலே மாட்யூலோ ஸ்மார்ட் சுவிட்சோ வைப்பதே நல்லது. நிறமும் மங்கலும் வேண்டிய ஓரிரு இடங்களுக்கு மட்டும் பல்பு போதும். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்குப் பல்புதான் வழி. அவர்கள் அந்தச் சுவிட்சை எப்போதும் போட்டே வைத்துவிட்டு, அதன் அருகில் பேட்டரியில் இயங்கும் ஒட்டுப் பொத்தான் ஒன்றை வைத்துக்கொள்ளலாம்.

ஸ்மார்ட் சுவிட்சுகளில் பெரும்பாலானவற்றுக்கு நியூட்ரல் ஒயர் வேண்டும். நம் வீடுகளில் சுவிட்ச் போர்டிலேயே ஒரு பிளக் பாயின்ட்டும் சேர்ந்திருப்பது வழக்கம் என்பதால் பல இடங்களில் நியூட்ரல் இருக்கும். விளக்குக்கு மட்டுமான சிறிய போர்டுகளில் இருக்காது. எங்கள் படுக்கையறைப் போர்டைத் திறந்துவிட்டு எலெக்ட்ரீஷியன், சார், இதுல நியூட்ரல் வரல, பக்கத்து பாயின்ட்லேர்ந்து இழுக்கணும் என்றார். அப்படி இழுக்கும்போது அதே சர்க்யூட்டின் நியூட்ரலாக இருக்கும்படி கேட்டுக்கொள்ளுங்கள். இன்வெர்ட்டர் சர்க்யூட்டின் விளக்குக்கு ஈ.பி. சர்க்யூட்டின் நியூட்ரலைக் கொடுத்தால் மின்கசிவில் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழக்கூடும், விளக்கு மின்தடையில் எரியாமலும் போகலாம். 230 வோல்ட் ஓடும் இடம் இது, எம்.சி.பி.யை அணைத்துவிட்டுத் தெரிந்தவரைக் கொண்டே செய்யுங்கள்.

இன்னும் மூன்று செய்திகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சாதாரண எல்.இ.டி. டியூப் லைட்டுகள் மங்கலாக்க உகந்தவை அல்ல, டிம்மரில் போட்டால் துடிக்கும். ஆகவே சீனில் அவற்றுக்கு எரிவு, அணைவு என்ற இரண்டு நிலைகளே. ஸ்மார்ட் பல்பை ஒருபோதும் டிம்மர் சுவிட்சில் மாட்டாதீர்கள். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் சுவிட்சுகள் 120 வோல்ட்டுக்கானவை. இசட்-வேவ் என்ற கம்பியில்லா முறையில் இயங்கும் கருவிகளாக இருந்தால் அலைவரிசையும் வேறு, அங்கே 908 மெகாஹெர்ட்ஸ் வட்டாரத்திலும் இங்கே 865 மெகாஹெர்ட்ஸ் வட்டாரத்திலும் இயங்குபவை.

நான்காம் படி: சீன்களை உருவாக்குங்கள்

அறைக்கு மூன்று சீன்களுக்கு மேல் வேண்டாம். எங்கள் ஹாலுக்கு மாலை, டி.வி., அணைவு என்ற மூன்றே. மாலையில் டவுன்லைட்டுகள் 80 சதவீதம், சுவர் விளக்கு முழுதாக. டி.வி.யில் டவுன்லைட்டுகள் அணைவு, சுவர் விளக்கு 2700 கெல்வின் மஞ்சள் வெளிச்சத்தில் 25 சதவீதம், டி.வி.க்குப் பின்னாலுள்ள பட்டை விளக்கு 10 சதவீதம். இந்த அளவுகளைப் பகலில் உட்கார்ந்து ஊகித்து எழுதாதீர்கள். அந்தச் சீன் தேவைப்படும் இரவு நேரத்திலேயே, சோபாவில் உட்கார்ந்தபடி, ஒவ்வொரு விளக்காக மாற்றிப் பார்த்து, வீட்டார் இது சரி என்று சொன்ன நிலையில் சேமியுங்கள். சீனுக்கு வெள்ளை 2, புதியது 3 என்றெல்லாம் பெயர் வைக்காமல், அது எதற்கென்று பெயர் வையுங்கள்.

அணைவுக்குத் தனிச் சீன் எதற்கு என்று கேட்கலாம். சில அமைப்புகளில் ஒரு சீனை எரியவைக்கவும் அணைக்கவும் முடியும். ஹோம் அசிஸ்டன்டில் சீனைப் போட மட்டுமே முடியும், அணைக்க வழியில்லை. எல்லா அளவும் பூஜ்யமாக வைத்த ஒரு சீனை உருவாக்கிவிட்டால் எந்த அமைப்பிலும் பிரச்சினை இல்லை.

சீன் செய்ய முடியாத ஒன்றும் உண்டு: தான் போடப்பட்டிருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. டி.வி. சீனைப் போட்டபின் யாராவது ஒரு டவுன்லைட்டை எரியவைத்தால், அந்தச் சீன் இப்போது இருக்கிறதா இல்லையா? விடை கிடையாது. ஆகவே, டி.வி. சீன் போட்டிருந்தால் என்று புரோகிராமில் நிபந்தனை எழுதாதீர்கள். சுவர் விளக்கு 30 சதவீதத்துக்குக் கீழ் இருந்தால் என்பதுபோல ஒரு விளக்கின் நிலையைக் கேளுங்கள், அதற்குத் திட்டவட்டமான விடை உண்டு.

பிறகு பொத்தான். வாசல் கதவருகே ஒன்று, ஹால் சோபாவுக்குப் பக்கத்தில் ஒன்று, படுக்கைத் தலைமாட்டில் ஒன்று. தலைமாட்டுப் பொத்தானில் வீடு முழுவதற்கும் பொதுவான அணைவுச் சீனை வையுங்கள். அந்த சர்வீஸ் ஏரியா விளக்குக்கு வேறு மருந்து தேவையில்லை. உங்கள் அமைப்பு பொத்தானையும் விளக்குகளையும் நேராக இணைக்க விடுமானால், அப்படியே இணையுங்கள்; ஹப் உறைந்து நின்றாலும் அந்தப் பொத்தான் வேலை செய்யும். இந்தப் படியோடு நிறுத்திக்கொண்டு இரண்டு வாரம் வாழ்ந்து பாருங்கள். பலருக்கு இதற்கு மேல் தேவையே இருக்காது என்பது என் அனுபவம்.

ஐந்தாம் படி: முதல் புரோகிராம், விளக்கு வைக்கிற நேரம்

கடிகாரம் என்று எழுதிய வரிகளில் எளிமையானதை எடுங்கள். மேலைநாட்டு வழிகாட்டிகள் எல்லாம் நேரத்தைக் குறிக்காமல் சூரிய அஸ்தமனத்தைக் குறிக்கச் சொல்கின்றன. லண்டனில் கோடைக்கும் குளிருக்கும் இடையே கடிகாரப்படி ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேறுபடுவதால் அங்கே அது கட்டாயம். சென்னையில் நவம்பர் பிற்பாதியில் மாலை சுமார் 5.40க்கும், ஜூலைத் தொடக்கத்தில் சுமார் 6.40க்கும் சூரியன் மறைகிறது. ஆண்டு முழுவதும் ஒரு மணி நேர வேறுபாடுதான். செயலியில் அஸ்தமனம் என்ற தெரிவு இருந்தால் அதற்கு 10 நிமிடம் முன்னதாக என்று வையுங்கள், இல்லாவிட்டால் 5.45 என்று எழுதினாலும் பெரிய குறை இல்லை. ஆனால் வடகிழக்குப் பருவமழை நாட்களில் நான்கரை மணிக்கே வீடு இருண்டுவிடும். அதைக் கடிகாரம் அறியாது. அன்றைக்கு வாசல் பொத்தானை அழுத்துங்கள், அல்லது வெளிச்ச அளவைப் பார்க்கும் சென்சாரை இரண்டாவது தூண்டுதலாகச் சேருங்கள்.

புரோகிராமின் உடல் ஒரே வரியாக இருக்கட்டும்: மாலைச் சீனைப் போடு. அளவுகள் எதையும் இங்கே எழுதாதீர்கள். வெளிச்சம் அதிகம் என்று நாளை தோன்றினால் சீனைத் திருத்துவீர்கள். அதை அழைக்கும் பொத்தான், புரோகிராம் எல்லாம் தாமாகவே புதிய அளவுக்கு வந்துவிடும்.

மார்கழி மாதத்துக்கு மட்டும் விடியற்காலையில் வாசல் விளக்கு எரிய வேண்டும் என்றால் அதற்கும் ஒரு புரோகிராம் எழுதலாம். டிசம்பர் 16 வாக்கில் தொடங்கி ஜனவரி 13 வாக்கில் முடியும்படி தேதி வரம்பு வைத்தால், கோலம் போடுகிறவர் கதவைத் திறக்கும்போது படி வெளிச்சமாக இருக்கும். கார்த்திகை தீபத்தன்று மாலையோ நேர்மாறு. அகல் விளக்குகள் ஏற்றும்போது வாசலிலும் பால்கனியிலும் மின்விளக்கு அணைந்து, உள்ளே மெல்லிய மஞ்சள் வெளிச்சம் மட்டும் இருந்தால் போதும். ஆண்டுக்கு ஒரு நாள் வருவதற்குப் புரோகிராம் எழுதி அதைப் பராமரிப்பது வீண் வேலை. கார்த்திகை என்று ஒரு சீன் வைத்துக் கையால் அழுத்துவதே பொருத்தம்.

ஆறாம் படி: கண் வைத்த புரோகிராம்

இரவு இரண்டு மணிக்குப் பாத்ரூம் போகிறவருக்கான நடைபாதை விளக்குதான் இதற்கு உகந்த இடம், புரோகிராம் உண்மையிலேயே தேவைப்படும் இடமும் இதுவே. இங்கே தூண்டுதலையும் நிபந்தனையையும் பிரித்தறிய வேண்டும். அசைவு தெரிந்தது என்பது தூண்டுதல், அதாவது புரோகிராமை எழுப்புவது. நேரம் இரவு 11க்கும் காலை 5க்கும் இடையில் என்பது நிபந்தனை, அதாவது எழுந்தபின் ஓடலாமா என்று கேட்பது. ஹோம் அசிஸ்டன்டில் இரண்டுக்கும் தனித்தனி இடம் உண்டு. ஐ.எஸ்.ஒய். போன்றவற்றில் இரண்டும் இஃப் பகுதியிலேயே வரும். நேர வரம்பின் தொடக்கமும் முடிவும்கூடப் புரோகிராமை எழுப்பும். மாலை முதல் இரவு 11 வரை என்று வரம்பு வைத்து, எல்ஸ் பகுதியில் ஹாலை அணை என்று எழுதியிருந்தால், சரியாக 11 மணிக்கு அது ஓடி, புத்தகம் படித்துக்கொண்டிருப்பவர் இருட்டில் விடப்படுவார். புரியாதவரை எல்ஸ் பகுதியைக் காலியாக விடுங்கள். அணைப்பதற்குத் தனிப் புரோகிராம் எழுதுங்கள்.

பேட்டரியில் ஓடும் அசைவு சென்சார்கள் சில, ஒருமுறை அசைவைச் சொன்னபின் ஒரு நிமிடம்வரை மறுபடி சொல்லாது. ஆகவே 30 நொடியில் அணை என்று வைத்தால் ஆள் அங்கே நிற்கும்போதே விளக்கு போய்விடும். மூன்று நிமிடம் வையுங்கள். நம் ஊருக்கே உரிய இன்னொரு சிக்கல் வெயில். இந்தச் சென்சார்கள் உடல் சூட்டுக்கும் சுற்றுப்புறச் சூட்டுக்கும் உள்ள வேறுபாட்டைத்தான் பார்க்கின்றன. மே மாதத்தில் நடைபாதைச் சுவரே தோலின் சூட்டை நெருங்கும்போது அந்த வேறுபாடு குறைந்து, ஆள் கடந்தும் சென்சார் கவனிக்காமல் போகலாம். ஆளுக்கு நேர் எதிரே வைக்காமல், ஆள் குறுக்கே கடக்கும்படி பக்கச் சுவரில் வைத்தால் பெருமளவு சரியாகும். ரேடார் வகைச் சென்சார்களுக்கு இந்தக் குறை இல்லை, ஆனால் அவை சுழலும் மின்விசிறியையும் அசையும் திரைச்சீலையையும் ஆள் என்று எண்ணிவிடக்கூடும்.

சென்சார் அழைக்கும் சீனில் நடைபாதை விளக்கு மட்டும், 10 சதவீதம், மஞ்சள். தூக்கத்தில் எழுந்தவர் கண்ணுக்கு அது போதும்.

ஏழாம் படி: கரண்ட் போய்த் திரும்பும்போது என்ன நடக்கும்

சென்னையில் இதை யோசிக்காமல் எந்த அமைப்பும் நிறைவு பெறாது. ஒருநாள் அதிகாலை இரண்டரைக்குப் போன மின்சாரம் மூன்று மணிக்குத் திரும்பியபோது, எங்கள் வீட்டின் ஒவ்வொரு ஸ்மார்ட் பல்பும் முழு வெளிச்சத்தில் எரிந்து எல்லோரையும் எழுப்பியது. சுவிட்சைப் போட்டால் விளக்கு எரிய வேண்டும் என்பதற்காகப் பல்புகளை அப்படி அமைத்து அனுப்புகிறார்கள். மின்தடைக்கும் சுவிட்சுக்கும் பல்பால் வேறுபாடு காண இயலாது. செயலியில் பவர்-ஆன் பிஹேவியர் என்ற தெரிவு இருக்கும். சுவர் சுவிட்சு எப்போதும் போட்டே இருக்கும் பல்புகளுக்கு முந்தைய நிலை என்று மாற்றுங்கள். வீட்டார் சுவிட்சால் இயக்கும் பல்புகளுக்கு எரிவு என்றே விடுங்கள். இல்லாவிட்டால் சுவிட்சைப் போட்டும் எரியாத பல்பு என்ற புகார் வரும்.

ஹப்பையும் ரவுட்டரையும் இன்வெர்ட்டரிலோ ரவுட்டருக்கென விற்கும் சிறிய யு.பி.எஸ்.ஸிலோ போட்டுவிடுங்கள். மாலை ஐந்தே முக்காலுக்கு மின்சாரம் இல்லாமல் ஆறு மணிக்கு வந்தால், இன்வெர்ட்டரில் இல்லாத விளக்குகளுக்குப் போன கட்டளை வீணாகியிருக்கும். இதற்கு நான் செய்திருப்பது எளிது: மாலைச் சீனை 5.45க்கும், 6.15க்கும், 6.45க்கும் மூன்று முறை போடவைத்திருக்கிறேன். ஏற்கெனவே போட்ட சீனையே மறுபடி போட்டால் எதுவும் மாறாது, தவறிய விளக்கு மட்டும் சேர்ந்துகொள்ளும். டி.வி. சீனுக்கு மாறுகிறவர்கள், இப்படி மறுபடி போடுவதை அந்த நேரத்துக்கு முன்பே முடித்துக்கொள்ள வேண்டும். எரிந்தால் அணை, அணைந்திருந்தால் எரியவை என்ற டாகிள் கட்டளையைப் புரோகிராமில் எந்த நிலையிலும் எழுதாதீர்கள். ஒரு கட்டளை தவறினால் அன்று முழுவதும் எல்லாம் தலைகீழாக ஓடும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நகரின் பல பகுதிகளில் மின்சாரமும் இணையமும் நாள்கணக்கில் இல்லை. மின்சாரம் முதலில் வந்து இணையம் பின்னால் வரும் அந்த இடைவெளியில்தான், கிளவுடை, அதாவது வெளியூர் சர்வரை நம்பிய புரோகிராம்கள் ஓடாமல் கிடக்கும்; வீட்டுக்குள் பதிந்த சீன்களும் சுவர்ப் பொத்தான்களும் வேலை செய்யும்.

எட்டாம் படி: சோதித்து, எழுதி வையுங்கள்

ஒரு விடுமுறை நாளில் மூன்று சோதனைகள் செய்யுங்கள். முதலில் பிராட்பேண்ட் ஒயரைக் கழற்றிவிட்டு எல்லாப் பொத்தான்களையும் அழுத்துங்கள். அடுத்து ஹப்பை அணைத்துவிட்டுச் சுவர் சுவிட்சுகளைப் போட்டுப் பாருங்கள். ஒவ்வோர் அறையிலும் ஒரு விளக்காவது எரிய வேண்டும். கடைசியாக மெயினை அணைத்து ஐந்து நிமிடம் கழித்துப் போட்டு, எந்த விளக்கு எந்த நிலையில் எழுகிறது என்று பாருங்கள். தவறியவற்றைக் குறித்துக்கொண்டு, முடிந்தால் புரோகிராமிலிருந்து சீனுக்கும், சீனிலிருந்து நேர் இணைப்புக்கும் இறக்குங்கள்.

பிறகு ஒரு தாளில் சீன்களின் பெயர், எந்தப் பொத்தான் எதை அழைக்கிறது, எந்தப் புரோகிராம் எத்தனை மணிக்கு ஓடுகிறது, அதை நிறுத்துவது எப்படி என்பதைத் தமிழில் எழுதி, எம்.சி.பி. பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். எங்கள் தாளில் இப்போது 9 சீன்களும் 3 புரோகிராம்களும் இருக்கின்றன. நான் வெளியூரில் இருந்த ஒரு வாரத்தில் நடைபாதை சென்சாரின் பேட்டரி தீர்ந்தபோது, அம்மா அந்தத் தாளைப் பார்த்துத் தாமே அந்தப் புரோகிராமை நிறுத்திவிட்டு, இரவு விளக்கைக் கையாலேயே போட்டுக்கொண்டார்.